பிள்ளை பெற்ற பிறகும் பிசிஓஎஸ் என்னுடன்தான் இருக்கிறது

கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றார்கள். ஆனது. ஒரு பிள்ளை பெற்றால் எல்லாம் ஒழுங்குக்கு வந்துவிடும் என்றார்கள். பெற்றேன். என் மகள் இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறாள், பிசிஓஎஸ், அதாவது சினைப்பையில் நீர்க்கட்டி என்று ஊரில் சொல்லும் ஹார்மோன் கோளாறு, இன்னும் என்னுடன்தான் இருக்கிறது. நான் நன்றாகவே இருக்கிறேன். சர்க்கரை எல்லைக்குள் நிற்கிறது, மாதவிடாய் ஓரளவு நேரத்துக்கு வருகிறது, வேலைக்குப் போய் வருகிறேன். ஆனால் என் வயதுப் பெண்கள் பலர் பிள்ளை பிறந்த கையோடு டாக்டரிடம் போவதை நிறுத்திவிட்டு, நாற்பதை நெருங்கும்போது சர்க்கரை நோயோடு வந்து நிற்பதைப் பார்க்கிறேன். நம் வீடுகளில் இதைப் பிள்ளைப்பேற்றுக் கோளாறாக மட்டும்தான் பார்க்கிறோம். இது உடம்பு முழுவதையும் தொடுகிற, ஆயுசுக்கும் கவனித்துக்கொள்ள வேண்டிய ஒன்று என்று என் இருபது வயதில் யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். மதுரையில் கல்லூரி விடுதியில் சேர்ந்த பிறகுதான் நாள் தள்ளிப்போக ஆரம்பித்தது. மூன்று மாதம், சில நேரம் நான்கு மாதம் வராது. வந்தால் இரண்டு வாரம் நிற்காது. "ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கல தாயி, லீவுக்கு வந்தா சரியாயிரும்" என்பாள் அம்மா. அப்புறம் தாடையில் கறுப்பாக, கம்பி போல முடி. பின்கழுத்தும் அக்குளும் தடித்துக் கறுத்தன. செயின் உராய்ந்து கறுத்திருக்கிறது என்று நினைத்து, லீவுக்குப் போகும்போதெல்லாம் கடலை மாவும் எலுமிச்சம்பழமும் போட்டு அம்மா தேய்த்துவிடுவாள்.

அந்தக் கழுத்துக் கருமையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது பெரும்பாலும் இரத்தத்தில் இன்சுலின் அளவுக்கு மீறி இருப்பதைத் தோல் வெளியே காட்டுகிற அடையாளம். அழுக்கு இல்லை, எவ்வளவு தேய்த்தாலும் போகாது, தோல்தான் புண்ணாகும். உங்கள் வீட்டுப் பெண்பிள்ளைக்கு இப்படி இருந்தால் பியூட்டி பார்லருக்கு முன்னால் இரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள். உள்ளே இன்சுலின் குறையக் குறைய அந்தக் கருமையும் மெல்ல வெளுக்கும். எனக்கு வெளுத்தது.

முதலில் பார்த்த டாக்டர் ஸ்கேன் எடுத்துவிட்டு, "நீர்க்கட்டி இருக்கு, வெயிட் குறைங்க" என்று சொல்லி, மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். வெளியே வந்ததும் அப்பா கேட்ட கேள்வி, "கட்டின்னா ஆபரேஷன் பண்ணணுமாம்மா?" அவருக்கு அன்று இரவு தூக்கம் இல்லை. எத்தனையோ வீடுகளில் இந்தப் பயம் இருக்கிறது. ஸ்கேனில் தெரிவது கர்ப்பப்பையில் இல்லை, அதன் இரு பக்கமும் இருக்கிற சினைப்பைகளில். புற்றுநோய்க் கட்டியும் இல்லை. 2 முதல் 9 மில்லிமீட்டர் வரை இருக்கிற சின்னச் சின்ன நுண்பைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் வளர ஆரம்பித்துப் பாதியில் நின்றுபோன ஒரு சினைமுட்டை. வழக்கமாக மாதத்துக்கு ஒன்று முழுசாக முதிர்ந்து வெளியே வரும். இங்கே எதுவும் முதிராமல் அப்படியே தங்கிவிடுகின்றன. இவற்றை வெட்டி எடுக்க வேண்டியதே இல்லை.

ஏன் முதிராமல் நிற்கின்றன? இதை எனக்குப் பொறுமையாக விளக்கியவர் நான் மூன்றாவதாகப் பார்த்த டாக்டர். சாப்பிட்ட சாதத்திலிருந்து வரும் குளுக்கோஸைத் தசைக்குள்ளும் கல்லீரலுக்குள்ளும் சேர்ப்பது இன்சுலினின் வேலை. நம்மில் பலருக்கு அதன் பேச்சைத் தசை சரியாகக் கேட்பதில்லை. அதனால் கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. சர்க்கரை அளவு சரியாகவே இருக்கும், ஆனால் அதைச் சரியாக வைக்க ஏகப்பட்ட இன்சுலின் செலவாகும். அந்தக் கூடுதல் இன்சுலின் சினைப்பையைத் தூண்டி டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண் ஹார்மோன்களை அதிகம் சுரக்க வைக்கிறது. அந்த ஹார்மோனைக் கட்டிப் பிடித்து வைத்திருக்கும் புரதத்தைக் கல்லீரல் குறைவாகவே தயாரிக்கிறது. இரண்டும் சேர்ந்தால் தாடையில் முடி, முகத்தில் பரு, உச்சந்தலையில் முடி உதிர்வு, முட்டை முதிராமை எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேரும். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரியிலிருந்து வரும் சமிக்ஞைகளும் தாறுமாறாகும். பரம்பரையும் இதில் சேர்ந்தே வரும்.

1935ல் சிகாகோவைச் சேர்ந்த ஸ்டீன், லெவன்தால் என்ற இரண்டு டாக்டர்கள் 7 பெண்களைப் பற்றி எழுதியதில்தான் இந்தக் கோளாறு மருத்துவ உலகத்தில் பரவலாக அறியப்பட்டது. அப்போது சினைப்பையில் ஒரு துண்டை வெட்டி எடுப்பதுதான் வைத்தியம். இன்சுலினுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு 1980களில்தான் தெளிவாகத் தெரிந்தது. அரை நூற்றாண்டுக் காலம் டாக்டர்களே இதைச் சினைப்பை நோயாகப் பார்த்திருக்கும்போது, எங்கள் அத்தையும் பெரியம்மாவும் அப்படிப் பார்ப்பதில் என்ன ஆச்சரியம்?

பிசிஓஎஸ் என்று முடிவு செய்ய ஸ்கேன் மட்டும் போதாது என்பதும் அந்த டாக்டர் சொல்லித்தான் தெரியும். 2003ல் ராட்டர்டாமில் வகுத்த விதிமுறைப்படி மூன்றில் இரண்டு இருக்க வேண்டும். மாதவிடாய் ஒழுங்கற்றுப் போவது ஒன்று, ஆண் ஹார்மோன் அதிகம் என்பது உடம்பிலோ இரத்தத்திலோ தெரிவது இரண்டாவது, ஸ்கேனில் சினைப்பை அப்படித் தோன்றுவது மூன்றாவது. வயதுக்கு வந்து மூன்று வருஷம் தாண்டிய பெண்ணுக்கு 21 நாளுக்குள் வந்தாலும், 35 நாளுக்கு மேல் போனாலும், வருஷத்துக்கு 8 முறைக்கும் குறைவாக வந்தாலும் அது ஒழுங்கற்றது. முதல் இரண்டும் இருந்தால் ஸ்கேனே தேவையில்லை. ஆனால் முடிவு சொல்வதற்கு முன்னால் தைராய்டையும், பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான ப்ரோலாக்டினையும் கட்டாயம் பார்க்க வேண்டும், ஏனென்றால் அவை கெட்டாலும் மாதவிடாய் இப்படித்தான் போகும். என் விடுதித் தோழி ஒருத்திக்கு இரண்டு வருஷமாக பிசிஓடி (பிசிஓஎஸ்ஸை இங்கே இப்படியும் சொல்வார்கள்) என்று வைத்தியம் நடந்தது, கடைசியில் பார்த்தால் தைராய்டு. அந்த மாத்திரை ஆரம்பித்த பிறகு அவளுக்கு மாதவிடாய் ஒழுங்காகிவிட்டது. இன்னொரு விஷயம்: கருத்தடை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது டெஸ்டோஸ்டிரோன் பார்த்தால் சரியான அளவு தெரியாது. மூன்று மாதமாவது நிறுத்தியிருக்க வேண்டும். இதை லேபில் யாரும் கேட்க மாட்டார்கள், நாம்தான் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இனி, நான் இந்தப் பேச்சிலேயே ரொம்ப முக்கியமாக நினைப்பது. "மாத்திரை போட்டா வருது, நிறுத்தினா நின்னுடுது. அப்புறம் எதுக்கு மாத்திரை? வராட்டி நல்லதுதானே" என்று பல பெண்கள் சொல்கிறார்கள். கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் நாள் தள்ளிப்போட மாத்திரை போடும் ஊரில், தானாகத் தள்ளிப்போவது சிலருக்கு வசதியாகக்கூடத் தெரிகிறது. முட்டை வெளிவராத மாதத்தில், கர்ப்பப்பையின் உள்சுவரை ஒழுங்காக உதிர வைக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சுரக்காது. ஆனால் ஈஸ்ட்ரோஜன் என்ற இன்னொரு ஹார்மோன் சுரந்துகொண்டுதான் இருக்கும். அது கர்ப்பப்பையின் உள்சுவரைத் தடிக்க வைத்துக்கொண்டே போகும், உதிர்த்துவிட ஆள் இல்லை. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் இப்படித் தடித்தால் அந்த உள்சுவரில் அசாதாரண வளர்ச்சி வரலாம், அது புற்றுநோயாகவும் மாறலாம். பிசிஓஎஸ் இருக்கிற பெண்களில் இந்த வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். மொத்தத்தில் பார்த்தால் வருகிறவர்கள் குறைவுதான், பயந்து நடுங்க வேண்டாம். ஆனால் தடுக்கக் கூடியதைத் தடுக்காமல் விடக் கூடாது இல்லையா? எனக்கு டாக்டர் சொன்ன கணக்கு சுலபமானது: மூன்று மாதத்துக்கு மேல் வராமல் இருக்க விடாதே. கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, சில நாட்களுக்குப் புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரை கொடுத்து வரவைப்பார்கள். நிறுத்தின சில நாளில் வந்துவிடும். அந்த மாத்திரை நோயைக் குணப்படுத்துவதற்கு இல்லை, கர்ப்பப்பையைக் காப்பாற்றுவதற்கு. இது புரிந்த பிறகு, "மறுபடி மாத்திரையா" என்ற சலிப்பு எனக்குப் போய்விட்டது.

கருத்தடை மாத்திரையையும் இதற்குத்தான் கொடுக்கிறார்கள். மாதவிடாய் ஒழுங்காகும், ஆண் ஹார்மோன் அடங்குவதால் பருவும் முகத்து முடியும் குறையும். கல்யாணம் ஆகாத பெண்ணுக்குக் கருத்தடை மாத்திரையா என்று வீட்டில் பதறுவார்கள். அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் உங்களுக்கு அது ஹார்மோன் சிகிச்சை, பிற்காலத்தில் பிள்ளை பெறுவதை அது கெடுக்காது. ஆனால் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. இரத்தம் உறையும் பிரச்சினை வீட்டில் யாருக்காவது இருந்தாலோ, பிரஷர் இருந்தாலோ, கண்ணில் ஒளி மின்னி வருகிற ஒற்றைத் தலைவலி இருந்தாலோ டாக்டரிடம் சொல்லாமல் ஆரம்பிக்கக் கூடாது. தோழி சாப்பிடுகிறாள் என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குவது ஆபத்து.

எனக்கு மெட்ஃபார்மின் கொடுத்தார்கள். "அது சுகர் மாத்திரையாச்சே, உனக்கு எதுக்கு?" என்று வீட்டில் பெரிய விவாதமே நடந்தது. இன்சுலினின் பேச்சைக் கேட்காத உடம்பைக் கேட்க வைப்பதற்குத்தான் அது. ஆரம்பத்தில் வயிற்றைப் புரட்டும், பேதியாகும். 500 மில்லிகிராமில் தொடங்கி, சாப்பாட்டோடு போட்டு, மெல்ல மெல்லக் கூட்டினால் பழகிவிடும். வருஷக்கணக்கில் சாப்பிட்டால் பி12 குறைய வாய்ப்பு உண்டு, கையும் காலும் மரத்துப்போகும். முக்கியமாகச் சைவம் சாப்பிடுகிறவர்கள் அதை அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். விலையும் மலிவு, ஜன் ஔஷதி கடைகளில் இன்னும் மலிவு.

சாப்பாட்டுக்கு வருகிறேன். எனக்கு முதலில் கிடைத்த டயட் சார்ட்டில் ஓட்ஸும் ப்ராக்கோலியும் ஆலிவ் எண்ணெயும் இருந்தன. எங்கள் வீட்டில் நான்கு பேருக்குச் சமைக்கிற அடுப்பில் அது நடக்காது. பிசிஓஎஸ்ஸுக்கென்று தனியாக ஒரு உணவுமுறை மற்றதைவிட மேலானது என்று நிரூபிக்கப்படவும் இல்லை, வருஷக்கணக்கில் கடைப்பிடிக்க முடிகிறதுதான் நல்ல உணவுமுறை. அதனால் வீட்டில் இருக்கிற சாப்பாட்டையே மாற்றி அடுக்கினேன். காலையில் இட்லியைக் குறைத்து, கூடவே ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ. சாம்பாரில் பருப்பும் காயும் கெட்டியாக. மதியம் தட்டில் முதலில் பொரியலும் கீரையும் பருப்பும், பாதி சாப்பிட்ட பிறகுதான் சாதம். காயும் புரதமும் முதலில் போனால் சர்க்கரை ஏறுவது நிதானப்படுகிறது. சாதத்தை ஒரு கிண்ணத்தில் அளந்து போட்டேன், நிறுத்தவில்லை. நிறுத்தினால் பத்து நாளில் வெறுத்துப்போய்ப் பழையபடி ஆகிவிடும். ஆபீஸில் டீயில் அள்ளிப் போடும் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன், அது எதிர்பார்த்ததைவிடக் கஷ்டமாக இருந்தது.

சிறுதானியம் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். கேழ்வரகு, கம்பு, வரகு நல்லவைதான். ஆனால் கேழ்வரகை மாவாக்கிக் கஞ்சியாகக் காய்ச்சி இரண்டு டம்ளர் குடித்தால் சர்க்கரை சரசரவென்று ஏறும். மாவுச்சத்து எதில் இருந்தாலும் மாவுச்சத்துதான். கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் அப்படியே. வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலாகக் கருப்பட்டி போட்ட காபியை நாளைக்கு ஐந்து முறை குடித்தால் இன்சுலினுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

பிராய்லர் கோழியால்தான் இந்த வியாதி வருகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. கோழிக்கு ஹார்மோன் ஊசி போட்டு வளர்க்கிறார்கள் என்கிறார்கள். அந்தக் கோழி வேகமாக வளர்வது பல தலைமுறைகளாக இனம் தேர்ந்தெடுத்து வளர்த்ததாலும் தீவனத்தாலும். கறி சாப்பிட்டதால் பிசிஓஎஸ் வந்ததென்று எந்த ஆதாரமும் இல்லை. குழம்பில் போட்ட கோழி நல்ல புரதம். எண்ணெயில் பொரித்த சிக்கன் அறுபத்தைந்தைத் தள்ளி வையுங்கள், போதும்.

கழற்சிக்காய்ச் சூரணத்தை மிளகோடு சேர்த்துச் சாப்பிடச் சொல்லாத உறவினர் எனக்கு இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு மலைவேம்புச் சாறு. சித்த மருத்துவத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இவற்றை பிசிஓஎஸ் உள்ள பெண்களுக்குக் கொடுத்துப் பெரிய அளவில் சோதித்த முடிவுகளை வைத்து யாரும் என்னிடம் பேசியதில்லை. சாப்பிடுவதென்றால் படித்த சித்த மருத்துவரைப் பார்த்து, அரசு மருத்துவமனைகளிலேயே அந்தப் பிரிவு இருக்கிறது, சாப்பிடுங்கள். மற்ற டாக்டரிடமும் அதை மறைக்காதீர்கள். அதை நம்பி மூன்று மாதக் கணக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

எடை குறைந்தால் நல்லது என்பது உண்மை. இருக்கிற எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் திரும்புகிறது. 70 கிலோ உள்ளவருக்கு மூன்றரை முதல் ஏழு கிலோ. கல்லூரிக் காலத்து உடம்புக்குத் திரும்ப வேண்டியதில்லை. ஆனால் அதிக இன்சுலின் இருக்கிற உடம்பில் எடை சுலபமாக ஏறும், இறங்க அடம் பிடிக்கும். "வாயைக் கட்டினா குறையும்" என்று சொல்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒல்லியாக இருக்கிறவர்களுக்கும் பிசிஓஎஸ் வரும். என் அறைத்தோழி அப்படி ஒருத்தி. "உனக்கெல்லாம் எப்படி வரும்" என்று சொல்லியே அவளை நான்கு வருஷம் பார்க்காமல் விட்டார்கள். நம் தெற்காசிய உடம்பில் குறைந்த எடையிலேயே இன்சுலின் கோளாறு தொடங்கிவிடும், அதனால்தான் உயரத்தோடு எடையை ஒப்பிடும் உடல்நிறைக் குறியீட்டில் (பிஎம்ஐ) மற்ற நாட்டவருக்கு 25 என்கிற எல்லை நமக்கு 23. எடை மெஷினைவிட இடுப்புச் சுற்றளவு உண்மை பேசும். பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனிக்க வேண்டும்.

நான் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். மார்ச்சிலும் செப்டம்பரிலும் எழுந்திருக்கவே நேரம் இருக்காது. அதிகாலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கப் போவேன், போக முடியாத நாளில் மொட்டைமாடி. வாரத்துக்கு 150 நிமிஷமாவது கொஞ்சம் மூச்சு வாங்க நடக்க வேண்டும் என்கிறார்கள். ஆனால் எனக்கு உண்மையான மாற்றம் தெரிந்தது எடை தூக்க ஆரம்பித்த பிறகு. குளுக்கோஸை அதிகம் வாங்கிக்கொள்வது தசைதான், தசை வேலை செய்தால் இன்சுலின் குறைவாகவே போதும். ஜிம்முக்குப் போகவில்லை. இரண்டு டம்பெல், நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, வாரத்தில் இரண்டு மூன்று நாள். எடை மெஷினில் பெரிதாக ஒன்றும் மாறாத மாதத்திலேயே இடுப்புச் சுற்றளவு குறைந்தது. தூக்கமும் முக்கியம். இரவில் சத்தமாகக் குறட்டை விட்டு, பகலெல்லாம் அசதியாக இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், தூக்கத்தில் மூச்சு தடைப்படும் கோளாறு நம்மிடையே அதிகம்.

முகத்து முடியைப் பற்றிப் பேசுவது இன்றும் எனக்குச் சுலபமாக இல்லை. மஞ்சள் பூசிக் குளிக்காததால் வந்தது என்று சொல்லாத பாட்டி இல்லை. மஞ்சள் எவ்வளவு பூசினாலும் ஹார்மோனால் வளரும் முடி நிற்காது. சேவ் செய்தால் தடித்து வளரும் என்பதும் உண்மை இல்லை, வெட்டுப்பட்ட முனை மொட்டையாக இருப்பதால் அப்படித் தெரிகிறது, அவ்வளவுதான். மாத்திரையால் முடி குறைய ஆறு மாதமாவது ஆகும், இரண்டு மாதத்தில் ஏமாந்து நிறுத்தாதீர்கள். ஆண் ஹார்மோனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் போன்றவற்றைச் சாப்பிடும்போது கர்ப்பம் தரிக்கக் கூடாது, அதனால் கருத்தடையோடுதான் கொடுப்பார்கள். லேசர் கறுத்த முடிக்கு நன்றாக வேலை செய்யும், ஆனால் பல முறை போக வேண்டும், ஹார்மோன் அடங்காமல் செய்தால் மறுபடி வரும். இதைவிடப் பெரிய பாரம் மனசில் இருக்கிறது. பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் அதிகம் என்பது ஆய்வுகளில் உறுதியான விஷயம். கண்ணாடியைப் பார்க்கப் பிடிக்காமல், கல்யாண வீடுகளுக்குப் போகாமல் இருந்த காலம் எனக்கு உண்டு. அழுகை வருவதையும் டாக்டரிடம் அறிகுறியாகச் சொல்லலாம் என்று தெரிந்தது பெரிய ஆறுதல்.

பெண் பார்க்க வந்தபோது, "இதை ஏன் சொல்லணும், யாருக்குத் தெரியப் போகுது" என்றார் அத்தை. நான் மாப்பிள்ளையிடம் தனியாகச் சொன்னேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு, அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது தானும் வருவதாகச் சொன்னார். அவரைக் கட்டிக்கொண்டேன். மறைத்துச் செய்கிற கல்யாணத்தில் மாத்திரையையும் மறைத்தே சாப்பிட வேண்டியிருக்கும். அது எவ்வளவு நாள் முடியும்?

கல்யாணமாகி ஆறு மாதத்தில் "ஏதாவது விசேஷம் உண்டா?" தொடங்கியது. இங்கே இரண்டு விஷயங்கள். பிசிஓஎஸ் இருந்தால் பிள்ளை பிறக்காது என்பது பொய். பெரும்பாலானவர்களுக்குப் பிறக்கிறது, சிலருக்கு மருந்து வேண்டியிருக்கும். எப்போது முட்டை வரும் என்று தெரியாததால், வேண்டாத நேரத்திலும் கர்ப்பம் நிற்கும், அதனால் தள்ளிப்போட நினைப்பவர்களுக்குக் கருத்தடை தேவை. அடுத்தது, கணவருக்கும் விந்துப் பரிசோதனை ஆரம்பத்திலேயே செய்ய வேண்டும். பெண்ணுக்கு பிசிஓஎஸ் என்று தெரிந்தால் ஆணைப் பரிசோதிக்கவே மாட்டேன் என்கிறார்கள். எங்கள் டாக்டர் முதல் நாளே இருவருக்கும் எழுதிக் கொடுத்தார்.

எனக்குக் கொடுத்தது லெட்ரோசோல். முட்டை வளர வைக்க இன்று முதல் தேர்வு அதுதான், ஐந்து நாள் மாத்திரை. மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, "இது மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கிறதாச்சே" என்றதும் என் மாமியார் முகம் வெளிறிவிட்டது. உண்மைதான், அந்த நோய்க்கும் அதைக் கொடுக்கிறார்கள். இந்தியாவில் 2011ல் குழந்தையின்மைக்கு இதைத் தடை செய்து, 2017ல் அந்தத் தடையை நீக்கினார்கள். சில மாதங்களில் கர்ப்பம் தரித்தேன்.

பிசிஓஎஸ் உள்ளவர்களுக்குக் கர்ப்ப காலத்தில் சர்க்கரை வரும் வாய்ப்பு அதிகம். இந்த விஷயத்தில் தமிழ்நாட்டைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு. கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரை பார்க்க வேண்டும் என்பதை நாட்டிலேயே முன்னோடியாகக் கொண்டுவந்த மாநிலம் இது. அதற்குப் பாடுபட்ட சென்னை மருத்துவர் வீ. சேஷய்யாவின் பிறந்தநாளான மார்ச் 10தான் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாள். வெறும் வயிறோ சாப்பிட்ட வயிறோ, 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை இரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. எனக்கு அதைத் தாண்டியது. சாப்பாட்டிலும் நடையிலும் கட்டுக்குள் வந்தது, இன்சுலின் போட வேண்டியிருக்கவில்லை.

பிரசவத்துக்குப் பிறகு சர்க்கரை இறங்கிவிட்டது. அங்கேதான் எல்லோரும் கைகழுவிவிடுகிறார்கள். தாய்க்கு ஆறு வாரத்திலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் மறுபடி குளுக்கோஸ் குடித்துப் பார்க்க வேண்டும். கைக்குழந்தையோடு இரண்டு மணி நேரம் லேபில் உட்கார யாருக்கு முடியும்? என் மாமியார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்து உட்கார்ந்தார், அதனால் முடிந்தது. பிசிஓஎஸ்ஸும் கர்ப்பகாலச் சர்க்கரையும் இரண்டும் இருந்தவளுக்குப் பின்னால் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மிக அதிகம். என் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் சர்க்கரை. எனக்கு தாடையில் முடி வந்ததும் அவர்களுக்குச் சர்க்கரை வந்ததும் பெரும்பாலும் ஒரே வேரிலிருந்துதான். இப்போது வருஷத்துக்கு ஒருமுறை குளுக்கோஸ் குடித்துச் சர்க்கரை பார்க்கிறேன், கூடவே பிரஷரும் கொழுப்பும். வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் பார்த்தால் பலருக்கு ஆரம்பக் கோளாறு தெரியாமல் தப்பிவிடும். வயது ஏற ஏறச் சிலருக்கு மாதவிடாய் தானாகவே ஒழுங்காகும். அதைப் பார்த்து நோய் போய்விட்டது என்று நினைத்துவிடுவார்கள், இன்சுலின் கோளாறு அப்படியேதான் இருக்கும்.

போன வருஷம் என் அக்கா மகளை ஒரு கிளினிக்கில் ஸ்கேன் எடுத்து, பிசிஓடி என்று சொல்லி மாத்திரை எழுதிவிட்டார்கள். அவள் வயதுக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அந்த வயதில் எல்லாப் பிள்ளைகளின் சினைப்பையிலும் நிறைய நுண்பைகள் தெரியும், அது இயற்கை. முதல் ஒரு வருஷம் மாதவிடாய் முன்னும் பின்னும் போவதும் இயற்கை. 2023ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், வயதுக்கு வந்து எட்டு வருஷம் வரை ஸ்கேனை வைத்து முடிவு செய்யக் கூடாது என்கிறது. அந்த வயதில் ஒழுங்கற்ற மாதவிடாயும் ஆண் ஹார்மோன் அறிகுறியும் இரண்டும் இருந்தாக வேண்டும். அவளுக்குப் பருவும் இல்லை, முடியும் இல்லை. என் டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஆனால் 90 நாள் வரை வராமல் போனால் எந்த வயதிலும் பார்க்க வேண்டும் என்று சொல்லி, போனில் தேதி குறித்து வைக்கச் சொன்னார். பிசிஓஎஸ் வாய்ப்பு இருப்பவளாக வைத்துக்கொண்டு, சில வருஷம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார். மாத்திரையை நிறுத்திவிட்டார்.

போகிற போக்கில் அவர் அக்காவிடம், "உங்களுக்கு எப்படிம்மா, ஒழுங்கா வருமா?" என்று கேட்டார். அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே மூன்று மாதம் நான்கு மாதம் வராது. இரண்டு பிள்ளைகளும் மருந்தில்லாமல் பிறந்ததால் யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. மகளுக்காக வந்தவளுக்கே டாக்டர் சீட்டு எழுதினார். குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 168, சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. கர்ப்பப்பை உள்சுவரின் தடிமனையும் பார்த்தார்கள், பயப்படும்படி இல்லை. இப்போது அவள் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாள். சாயங்காலம் மகளையும் கூட்டிக்கொண்டு அருப்புக்கோட்டையில் பள்ளி மைதானத்தில் நடக்கிறாள்.